நூறு ஃபீல்ட் பார்த்தீங்களா?

ஆடி மழை. எங்கள் பக்கம் ஆடியில் மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. மாலை ஐந்து மணி இருக்கும். வார்டிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரத்தத்தோடு ஊதா மூடிக் குழாய் ஒன்று வந்தது. கூட வந்த துண்டில் இருந்தது இவ்வளவுதான்: ஆண், 41 வயது, நாலு நாள் காய்ச்சல், டெங்கு சந்தேகம். கேட்டிருந்தது எஃப்பிசி (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), டெங்கு அன்டிஜன்.

பிளேட்லெட் 48,000. வெள்ளையணு 4,200. டெங்கு அன்டிஜன் நெகட்டிவ். நாலாம் நாளில் அன்டிஜன் சிலவேளை பிடிக்காது, ஆகவே வார்டில் எல்லார் மனதிலும் டெங்குதான். அதற்கு முன் டவுனில் ஒரு தனியார் இடத்தில் காட்டியபோதும் டெங்கு என்றே சொல்லிப் பனடோல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிளேட்லெட் குறைந்தால் மெஷின் சொன்னதை நான் அப்படியே அனுப்புவதில்லை. பிளேட்லெட்டுகள் கட்டி கட்டியாய்ச் சேர்ந்து கிடந்தாலும் மெஷின் குறைத்துத்தான் எண்ணும். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. அன்றைக்கும் அதற்காகத்தான் பார்த்தேன். மூன்றாவது ஃபீல்டிலேயே (நுணுக்குக்காட்டியில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஃபீல்ட்) ஒரு சிவப்பணுவுக்குள் அது இருந்தது. மயிரிழை நீலத்தில் ஒரு வளையம், அதன் ஓரத்தில் ஒரு சிவந்த புள்ளி. எங்கள் அப்பாயியின் ஒற்றைக்கல் வளைய மூக்குத்தி ஞாபகம் வந்தது. ஸ்லைடை நகர்த்தினேன். இன்னொரு அணுவில் இரண்டு வளையம். இன்னொன்றில் வளையம் அணுவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு இரண்டு புள்ளியோடு இருந்தது.

மலேரியா ஒட்டுண்ணி. மேசையை விட்டு எழுந்து நேராக வார்டுக்குப் போனேன்.

"அண்ணே, இப்ப சமீபத்துல வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா?"

"வெளியூர் இல்ல மிஸ், வெளிநாடு. உகண்டாவுல தேயில பெக்டரியில ரெண்டு வருசம். வந்து பன்னெண்டு நாளு ஆச்சு."

"இத யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல மிஸ்."

நான்கு நாளாக, இரண்டு இடத்தில், அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். மலேரியாவுக்கு எந்தப் பரிசோதனை சிறந்தது என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிறார்கள். கார்டா (சொட்டு இரத்தத்தில் கோடு காட்டும் அட்டை), ஸ்லைடா (நுணுக்குக்காட்டியில் கண்ணால் பார்ப்பது), பிசிஆரா (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடுவது)? மூன்றையும் நான் கையால் தொட்டிருக்கிறேன் (பிசிஆருக்கு இரத்தம் அனுப்பியதோடு சரி, அந்த மெஷினில் வேலை செய்ததில்லை). எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்று இரவு நடந்த வரிசையிலேயே சொன்னால் விளங்கும். முதலில் கார்டு. விரல் நுனியில் குத்தி ஐந்து மைக்ரோலீட்டர் இரத்தம், அதன்மேல் திரவச் சொட்டு, பதினைந்து இருபது நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். கோடு விழுந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று, ஃபல்சிபாரம் என்ற ஆளைக் கொல்லும் மலேரியா இனத்துக்கான கோடு ஒன்று, எல்லா மலேரியாவுக்கும் பொதுவான கோடு ஒன்று. மூன்றும் அழுத்தமாக. டொக்டர் கையில் காட்ட அதுவே போதும். மின்சாரம் வேண்டாம், நுணுக்குக்காட்டி வேண்டாம், பத்து வருசம் பழகிய கண் வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரி மேசையிலும் செய்யலாம். கார்டைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மழை இரவில் முதல் விடையைத் தந்தது அதுதான்.

ஆனால் அந்த மனிதரின் இரத்தத்தில் எத்தனை ஒட்டுண்ணி என்று கார்டு சொல்லாது. ஆயிரமா, ஒரு இலட்சமா? வார்டில் வைத்துப் பார்க்கலாமா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்ற வேண்டுமா என்பது அந்த எண்ணில் தொங்குகிறது. கோடு அழுத்தமாக விழுந்தால் ஒட்டுண்ணி அதிகம் என்று கணக்குப் போடவும் கூடாது. மிக அதிகமாக இருக்கும்போது கோடு மங்கிப்போவதும் உண்டு.

அதற்குத்தான் திக் ஃபில்ம், தடித்த பூச்சு. மலைநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கஷ்டம் அதில் இருக்கிறது. ஒரு சொட்டு இரத்தத்தை ஸ்லைடின் ஒரு ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் முனையால் வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டும். எவ்வளவு தடிப்பு என்றால், ஈரமாக இருக்கும்போது ஸ்லைடைப் பத்திரிகை மேல் வைத்தால் எழுத்தை அரைகுறையாய்ப் படிக்க முடிய வேண்டும். படிக்கவே முடியாவிட்டால் பூச்சு ரொம்பத் தடிப்பு. கழுவும்போது உரிந்துகொண்டு போகும். பிறகு காய வேண்டும், தானாகக் காய வேண்டும். மன்னாரிலோ அநுராதபுரத்திலோ என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் சுவரே வியர்க்கிறது. அவசரத்துக்கு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் இரத்தம் வெந்து ஸ்லைடோடு ஒட்டிவிடும், பிறகு சிவப்பணுவின் நிறம் கழுவிப் போகாது. திக் ஃபில்மின் சூட்சுமமே அந்த நிறம் கழுவிப் போவதுதான். நிறம் போனால்தான் அடுக்கடுக்காகக் கிடக்கும் அணுக்களுக்குள்ளிருந்து ஒட்டுண்ணி மட்டும் தெரியும். அதனால்தான் மெல்லிய பூச்சை மெதனோலில் நிலைப்படுத்துவோம், தடித்ததை நிலைப்படுத்தக் கூடாது. இரண்டும் ஒரே ஸ்லைடில் இருந்தால் மெதனோல் ஆவிகூடத் தடித்ததைத் தொடாமல் ஸ்லைடைச் சாய்த்துப் பிடிப்போம். அன்றைக்கு மேசை விசிறியைத் திருப்பி வைத்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன்.

சாயக் கரைசலுக்கான தண்ணீரும் அப்படித்தான். பிஎச் 7.2 என்று கணக்குப் பார்த்துக் கலக்க வேண்டும். பீலித்தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து வருவதை) நம்பி ஜீம்சா சாயம் கலக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். கொஞ்சம் அமிலமான தண்ணீரில் எல்லாம் இளஞ்சிவப்பாய்ப் போய், வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா இனம் பிடித்த அணுவில் வரவேண்டிய பொடிப் புள்ளிகள் தெரியாமல் போய்விட்டன. புள்ளி தெரியாவிட்டால் எந்த இனம் என்று சொல்ல முடியாது. இனம் தெரியாவிட்டால் மருந்து தவறும்.

இரவு எட்டரைக்கு எண்ணினேன். வெள்ளையணுவை ஒரு கையால், ஒட்டுண்ணியை மற்றக் கையால். இருநூறு வெள்ளையணுவுக்குள் 612 ஒட்டுண்ணி. வெள்ளையணு எண்ணிக்கை தெரியாதபோது ஒரு மைக்ரோலீட்டருக்கு 8,000 என்று வைத்து நாற்பதால் பெருக்குவது வழக்கம். இவருக்கு மெஷின் காட்டியது 4,200 ஆயிற்றே. ஆகவே இருபத்தொன்றால் பெருக்கினேன். ஒரு மைக்ரோலீட்டருக்கு 12,852. பயப்படவேண்டிய எண்தான், ஆனால் காலம் கடந்துவிடவில்லை. மலேரியாத் தடை இயக்கத்துக்கு ஃபோன் போனது. இருபத்திநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள். மருந்து இரவோடிரவாக வந்து சேர்ந்தது.

மறுநாள் அதே நேரம் ஸ்லைடு. இருநூறில் நூறு சேரவில்லை, ஆகவே ஐந்நூறு வெள்ளையணு வரை எண்ணினேன்: 96. கணக்குப் பார்த்தால் சுமார் 800. அடுத்த நாள் தேடித்தான் மூன்றைக் கண்டேன். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. இந்த இறக்கம்தான் மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. மூன்றாம் நாளும் ஸ்லைடில் ஒட்டுண்ணி இருந்தால் டொக்டர்மார் மருந்தைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும். கார்டால் இதைச் சொல்ல முடியாது. ஃபல்சிபாரம் கோட்டுக்குக் காரணமான எச்ஆர்பி-2 என்ற புரதம் ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும். அவரை நான் இரண்டு வாரம் கழித்துக் கார்டில் பார்த்திருந்தால் அப்போதும் கோடு விழுந்திருக்கலாம். ஆபிரிக்காவில் மருந்து குடித்து முடித்துவிட்டு வந்து இங்கே வேறு காய்ச்சலில் படுத்தவருக்குக் கோட்டை நம்பி மலேரியா மருந்தையே மறுபடி கொடுத்தால், எலிக்காய்ச்சலோ டெங்கோ அடியில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவே இல்லாத ஃபல்சிபாரம் பெருவில் இருப்பதாக 2010இல் வெளிவந்தது. பிறகு எரித்திரியாவிலும் எதியோப்பியாவிலும் கண்டார்கள். அது பிடித்தவரின் இரத்தத்தில் எச்ஆர்பி-2 கோடு விழாது, ஆனால் ஆள் சாகக் கிடப்பார். ஆபிரிக்கா போய் வந்தவருக்குக் கார்டு நெகட்டிவ் என்றால் நான் அதோடு கோப்பை மூடுவதில்லை.

இனி நான் செய்த தவறு. பல வருசத்துக்கு முந்தியது. தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போய், மெட்ராஸில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்த ஒரு அம்மா. ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கே போன அக்காவின் பிள்ளைகள் வீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிக்கொண்டு காய்ச்சல். வார்டில் சரியாகக் கேட்டு, சரியாக எழுதி அனுப்பியிருந்தார்கள். கார்டு போட்டேன், நெகட்டிவ். ஸ்லைடு பார்த்தேன். சனிக்கிழமை, தனி ஆள், வரிசையில் இருபது குழாய். நாற்பது ஃபீல்ட் வரை பார்த்திருப்பேன். 'ஒட்டுண்ணி காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா மறுபடி நடுங்கினார். பெரிய மிஸ் (எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்) புதிதாக ஸ்லைடு போட்டு உட்கார்ந்தார். அறுபது தாண்டியதும் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். பெரிதாக வீங்கிய சிவப்பணு, அதற்குள் கைகால் நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒட்டுண்ணி, அணு நிறையப் பொடிப் புள்ளி. வைவாக்ஸ். பிறகு சனிக்கிழமை ஸ்லைடை எடுத்தார். அதிலும் இருந்தது. எண்பத்தி மூன்றாவது ஃபீல்டில்.

"நூறு ஃபீல்ட் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஏசவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அந்த அம்மா பட்ட நடுக்கம் என் கையெழுத்தால் வந்தது. இன்றைக்கும் சனிக்கிழமை டியூட்டியில் அது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் கார்டும் தவறியது? வைவாக்ஸில் ஒட்டுண்ணி பொதுவாகவே குறைவாக இருக்கும். நல்ல கார்டுக்கே ஒரு மைக்ரோலீட்டரில் நூறு இருநூறு இருந்தால்தான் நிச்சயம். பழகிய கண் திக் ஃபில்மில் ஐம்பதைப் பிடிக்கும், மிகத் தேர்ந்தவர் பத்துக்குக் கீழேயும் போவார். நான் அன்றைக்கு என் கண்ணைக் கார்டின் அளவுக்கு இறக்கிவிட்டேன். நெகட்டிவ் கார்டைப் பார்த்த மனது ஸ்லைடையும் நெகட்டிவ்வாகவே பார்த்தது. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கார்டை வேறு ஆள் படிக்க வேண்டும், நான் ஸ்லைடை முடித்து எழுதும் வரை எனக்குச் சொல்லக் கூடாது. நூறு ஃபீல்ட் முடிந்தும் இல்லையென்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மறு ஸ்லைடு, பிறகு இன்னொன்று. மூன்று ஸ்லைடு சுத்தமாக வந்த பிறகே 'இல்லை' என்ற சொல்.

பிசிஆர் இந்த மூன்றில் கூர்மையானது. ஒரு மைக்ரோலீட்டரில் இரண்டு மூன்று ஒட்டுண்ணி இருந்தாலும் அதன் மரபணுவைப் பெருக்கிக் காட்டிவிடும். இரண்டு இனம் கலந்திருந்தால் கண் ஒன்றைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடும், பிசிஆர் இரண்டையும் சொல்லும். மலேசியாவில் குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோலெசி என்ற இனத்தை நுணுக்குக்காட்டியில் மலேரியே என்ற சாதுவான இனமாகவே நெடுநாள் எழுதி வந்தார்கள். சரவாக்கில் பிசிஆர் செய்து பார்த்து 2004இல் வெளியிட்ட பிறகுதான் எவ்வளவு பேருக்கு நோலெசி என்று தெரிந்தது. நோலெசி இருபத்திநாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெருகும், ஆளைக் கொல்லும். எங்கள் தோட்டங்களிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் எத்தனை பேர்! அங்கிருந்து காய்ச்சலோடு வந்தவரின் ஸ்லைடில் பட்டை போட்ட மாதிரி ஒட்டுண்ணியைக் கண்டால் 'மலேரியே' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பிசிஆருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும். வளைவுப் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. விடை வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. பிசிஆர் நோயாளிக்கு முதல் மருந்து கொடுக்க உதவாது. கொடுத்த மருந்து சரியான இனத்துக்குத்தானா என்று உறுதிசெய்ய உதவும். வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடக்கும்போது பிசிஆரும் அதைக் காணாது, ஸ்லைடும் காணாது, கார்டும் காணாது. அதற்காகத்தான் பதினாலு நாள் பிரிமாகுயின், அதற்கு முன் ஜி6பிடி குறைபாடு (அது உள்ளவருக்கு இந்த மருந்து சிவப்பணுவை உடைக்கும்) இருக்கிறதா என்ற பரிசோதனை.

"நம்ம ஊர்லதான் மலேரியாவே இல்லையே, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. மலைநாட்டில் எப்போதும் குறைவுதான். இந்தக் குளிரில் ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் வளர்ந்து முடிவதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் நம் ஆட்களை மலேரியா எப்போதும் பாதையில்தான் பிடித்தது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் பாட்டன் பூட்டன் எத்தனை பேர் காய்ச்சலில் அந்தப் பாதையிலேயே விழுந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெரியப்பா தோட்டத்து லயத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார். முதல் வருசமே வீட்டில் எல்லாரும் படுத்தார்களாம். சுவரில் மலத்தியன் அடிக்க வருவார்கள், அந்த நாற்றம் பல நாள் சோற்றிலும் இருக்கும், குளோரோகுயின் குடித்தால் உடம்பெல்லாம் அரிக்கும் என்பார். அதை 'வன்னிக் காச்சல்' என்றே கடைசிவரை சொன்னார். எங்கள் தோட்டத்தில் ஒரு மலைக்குப் பெயர் கொயினா மலை. ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் 1861இல் தொடங்கியதே மலேரியா மருந்தான கொயினா எடுக்கும் சிங்கோனா மரம் வளர்க்கத்தான். உலகத்துக்கே கொயினாப் பட்டை கொடுத்த மலை இது.

1963இல் முழு இலங்கையிலும் கண்ட மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். ஒழிந்தது என்று கை தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். இந்த இரண்டு எண்ணையும் எங்கள் ஆய்வுகூடச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளூரிலேயே தொடர்ந்து பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் மலேரியா இல்லாத நாட்டில் மலேரியாவைப் பார்க்கத் தெரிந்த கண் மெல்ல மெல்லக் குறையும். கார்டு அலுமாரியில் கிடந்து காலாவதியாகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் பழைய ஸ்லைடு பெட்டியைத் திறந்து, பாதியில் ஒட்டுண்ணி இருக்கும் பத்து ஸ்லைடுகளை மாதம் ஒருமுறை பெயர் மறைத்துக் கொடுக்கிறேன். சாயக் கசடையும் சிவப்பணு மேல் உட்கார்ந்த பிளேட்லெட்டையும் ஒட்டுண்ணி என்று எழுதுவார்கள். உண்மையான வளையத்தைத் தவறவிடுவார்கள். மூன்றாம் மாதத்தில் கண் திறக்கிறது. போன மாதம் ஒரு தங்கச்சி பத்தும் சரி.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: போன ஒரு வருசத்துக்குள் கடல் தாண்டிப் போயிருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ராமேஸ்வரமோ சபரிமலையோ ஆபிரிக்காவோ, ஊரையும் திகதியையும் சொல்லுங்கள்.

உகண்டா அண்ணன் 7, 14, 21ஆம் நாட்களில் வந்து விரலை நீட்டினார். 28ஆம் நாள் மழை விட்டிருந்தது, ஸ்லைடு அரை மணித்தியாலத்தில் காய்ந்தது. இருநூறு ஃபீல்ட் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரிப்போட்டை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டதாகவும் ஐப்பசியில் திரும்பப் போவதாகவும் சொன்னார். போகுமுன் தடுப்பு மாத்திரை இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லி, எங்கே வாங்குவது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மிஸ், அங்க என்கூட நம்ம ஆளுங்க இன்னும் ஆறு பேரு இருக்காங்க."

இன்னும் ஆறு துண்டு எழுதினேன்.